பற்றிக் சேர் போட்ட ‘பி’

கணித ஆசிரியர் பற்றிக் சேரிடம் படித்தவர்கள் கிண்ணியாவில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது மறித்து, சேர் உங்களைப் பாராட்டியிருக்கிறாரா என்று கேட்டால் முதலில் சிரிப்பார்கள். பிறகு யோசித்து, “ஒருக்கா ‘பரவாயில்லை’ எண்டு சொன்னவர்” என்பார்கள். அந்த ஒரு சொல்லைத் தங்கள் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிற இரண்டு பொறியியலாளர்களை எனக்கே தெரியும்.

நான் நஜ்முன் நிஸா. சேர் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக் காரியாலயத்தில் கிளார்க். கணனியும் முத்திரையும் என் மேசையில்தான் இருக்கின்றன, அதனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் நடக்கிற நல்லதும் கெட்டதும் என்னைத் தாண்டித்தான் போகும். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். அதில் பொய் இல்லை.

சேர் கிண்ணியாக்காரர் அல்ல. திருகோணமலை நகரத்தில் உள்துறைமுக வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. ஒவ்வொரு நாளும் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டி வருகிறார். எங்கள் ஊருக்கு அவரை மாற்றலில் அனுப்பியபோது ஒரு வருடம் இருந்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். அவரோ தலை நரைக்கும்வரை இருந்துவிட்டார். நோன்பு காலத்தில் எங்களுக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று சொல்லிக்கொடுப்பார். எல்லாம் தங்கமான குணம். மாக்ஸ் போடுகிற கை மட்டும் கஞ்சக் கை. வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளைக்கும் அறுபதைத் தாண்டிப் போட்டதில்லை. கூடப் போட்டால் பிள்ளைக்குத் தலைக்கனம் வந்து கெட்டுப்போகுமாம்.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இதே வருத்தம், இதே நோய்தான். சோதனை எழுதிவிட்டு வருகிற பிள்ளையின் தாயிடம் எப்படி எழுதியிருக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். “ஏதோ எழுதியிருக்காளாம்” என்பாள். அந்தப் பிள்ளை ஒரு கேள்வி விடாமல் எழுதியிருக்கும். நல்லாச் செய்தாள் என்று வாயால் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும், நாவூறு பட்டுவிடும், பிறகு பெறுபேறு கவிழ்ந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். இந்துவானாலும் முஸ்லிமானாலும் கிறிஸ்தவரானாலும் இந்த விசயத்தில் மாவட்டம் முழுக்க ஒற்றுமை.

இப்போது ஷிஃபானாவின் கதைக்கு வருகிறேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தயிர்க் கடை வைத்திருக்கிற முத்தலிப் காக்காவின் மூத்த மகள். கணக்கு என்றால் அவளுக்குச் சாப்பாடு மறந்துபோகும். கல்யாண அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் கணக்குச் செய்கிற பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை. எல்லாரும் பொறியியல் என்று சொல்ல, அவள் மட்டும் கணிதமே படிக்கப் போகிறேன் என்று நின்றாள். கொழும்பில் கணனி வேலை செய்கிற அவளுடைய பெரியம்மா மகன் நுஸ்கிதான், அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முழுச் செலவையும் தாங்களே ஏற்றுப் படிப்பிப்பார்கள் என்று சொன்னான். அதைப் பிடித்துக்கொண்டாள். முன்கூட்டியே முடிவு சொல்கிற முதல் சுற்றில் ஒரேயொரு இடத்துக்குத்தான் விண்ணப்பம் போடலாம். அவள் போட்டாள்.

பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டியவற்றை நான்தான் அனுப்பினேன். அதில் ஒன்று, உயர்தரப் பரீட்சையில் இந்தப் பிள்ளை என்ன எடுப்பாள் என்று பாட ஆசிரியர்கள் எழுதிக் கொடுக்கிற எதிர்பார்ப்பு. எங்கள் நாட்டில் பெறுபேறு வருவதற்குள் அவர்கள் முடிவு எடுத்துவிடுவார்கள், ஆகவே ஆசிரியரின் சொல்தான் அவர்களுக்கு எல்லாம். பௌதிகவியலுக்கு றிஸ்கான் சேர் ‘ஏ’ போட்டார். இரசாயனவியலுக்கும் ‘ஏ’. கணிதத்துக்குப் பற்றிக் சேர் ‘பி’ போட்டுக் கையெழுத்து வைத்தார். அது நவம்பர் தொடக்கம்.

டிசம்பரில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட்டது. ஷிஃபானா அதைத் திறக்கவில்லை. கடைசித் தாளை எழுதி முடித்துவிட்டு, வெள்ளைச் சீருடையோடு நேரே என் காரியாலயத்துக்கு வந்தாள்.

“மிஸ், நீங்க திறந்து பாருங்க. எனக்கு ஏலாது.”

நான் பிஸ்மி சொல்லித் திறந்தேன். நீளமான மின்னஞ்சல். வாசித்தேன், மறுபடி வாசித்தேன். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. உங்கள் விண்ணப்பத்தைப் பிற்போட்டிருக்கிறோம், மார்ச் மாதம் மற்ற எல்லாருடையதோடும் சேர்த்து மறுபடி பார்ப்போம் என்று எழுதியிருந்தது.

“அப்ப கிடைக்குமா, கிடைக்காதா?” என்றாள்.

அதை யார் சொல்வது? நுஸ்கிக்குப் போன் எடுத்தோம். அவன் எங்கெல்லாமோ தேடி வாசித்துவிட்டுப் பின்னேரம் என்னோடு தனியாகக் கதைத்தான்.

“மாமி, அவளிட்டச் சொல்லாதீங்க. இப்பிடிப் பின்னுக்குத் தள்ளின ஆக்கள்ள பத்துப் பேருக்கு ஒருத்தருக்குக் கிடைச்சாலே பெரிய விசயம். வெளிநாட்டுப் புள்ள, செலவும் நீங்களே தாங்க எண்டு கேக்கிற புள்ள எண்டா அதை விடக் குறைவு. ஆனாக் கதவு பூட்டல்ல. இப்பவும் உங்கட இடம்தான் வேணும் எண்டு அவள் ஒரு கடிதம் எழுதலாம். புதுசா ஏதும் செஞ்சிருந்தாச் சொல்லலாம். பள்ளிக்கூடத்தால புதுசா ஒரு மதிப்பீடு அனுப்பலாம். சும்மா சும்மா எழுதி அவங்களுக்கு எரிச்சல் குடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.” பிறகு கேட்டான்: “அவள் கேக்கிறது கணிதம் மாமி. கணித சேர் என்ன எழுதினவர்?”

ஆசிரியர்கள் எழுதுவதைப் பிள்ளைக்கோ வீட்டாருக்கோ சொல்லக் கூடாது என்பது விதி. “நல்லாத்தான் எழுதியிருப்பார்” என்று போனை வைத்தேன். மற்ற இரண்டு பாடத்துக்கும் ஏ, படிக்கப் போகிற பாடத்துக்கு மட்டும் பி. பற்றிக் சேரின் பி என்றால் அது ஊரில் மற்றவர்களின் ஏ-க்கு மேலே என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் விண்ணப்பத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்த நாளே பஸ் ஏறிச் சேரின் வீட்டுக்குப் போனேன். நத்தார் வாரம், வீட்டில் கிறிஸ்மஸ் வேலைகள். சேர் கதிரையில் ஏறி நின்று முன்வாசலில் நட்சத்திரக் கூடு கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மரியமலர் குசினியில் கேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தா. ஒழுங்கையின் முடிவில் துறைமுகம் தெரிந்தது, கோதுமை கொண்டுவந்த கப்பல் ஒன்று நின்றது. நான் செருப்பைக் கழற்ற முதலே கேட்டுவிட்டேன்.

“சேர், ஷிஃபானாவுக்கு ஏன் பி போட்ட நீங்க?”

“ஏன் மிஸ், பி கூடாதா?”

“அவள் ஏ எடுப்பாளா, மாட்டாளா? அதைச் சொல்லுங்க.”

“எடுத்தா நல்லதுதானே.”

“சேர்!”

கதிரையால் இறங்கினார். “மிஸ், நாங்கள் பெரிசாச் சொல்லி வைக்க, பிள்ளை வழுக்கினால்? கண்ணூறு எண்டும் ஒண்டு இருக்கு. பி எண்டு சொல்லி ஏ வந்தா எல்லாருக்கும் சந்தோசம். ஏ எண்டு சொல்லி பி வந்தா ஆர் முகம் குடுக்கிறது?”

குசினியில் இருந்து மரியமலர் குரல் கொடுத்தா. “எங்கட மகன் அஞ்சலோ மாவட்டத்தில முதலாவதா வந்த நாளும் இப்பிடித்தான் மிஸ். பெடியன் ரிப்போட்டைக் கொண்டோடி வந்து நீட்டினவன். இந்த மனுசன் பாத்திட்டு, ‘கையெழுத்து வடிவில்லை’ எண்டவர்.”

சேருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. பிற்போட்டதைச் சொன்னேன். நுஸ்கி சொன்னதைச் சொன்னேன். அவருடைய முகம் மாறியது, ஆனாலும் தலையை ஆட்டினார்.

“இப்ப என்ன செய்ய ஏலும்? நவம்பர்ல பி எண்டு கையெழுத்து வைச்சனான். பெறுபேறும் வரேல்லை, ஒண்டும் மாறேல்லை. இப்ப ஏ எண்டு எழுதினா, ஒண்டில் அது பொய், இல்லாட்டி இது பொய். பொய்க்காரன்ர சொல்லை ஆர் நம்புவினம்? பிள்ளைக்கு இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் என்னால போயிரும்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கூடுதலாகக் கோபத்தைக் கிளப்பியது. மரியமலர் தந்த கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பாலம் வரும்வரை மனதுக்குள் அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. புதிய மதிப்பீடு அனுப்புவதென்றால் பெப்ரவரி நடுவுக்குள் அனுப்ப வேண்டும். ஷிஃபானா தன் கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டாள். பள்ளிக்கூடத்துப் பங்கு மட்டும் நின்றது. அவள் ஒவ்வொரு வாரமும் வந்து, “சேர் எழுதிட்டாரா மிஸ்?” என்று கேட்பாள். நான் ஏதாவது வேலையைச் சொல்லிச் சமாளிப்பேன். பிள்ளை மெலிந்துகொண்டு போனாள். தயிர்க் கடையில் வாப்பாவுக்கு உதவியாக நிற்கும்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

ஒரு நாள் அவளுடைய உம்மா சனூஸா வந்தாள். வீட்டைவிட்டுச் சும்மா வெளியே வருகிறவள் அல்ல. மகளுக்குச் சொல்லாமல் வந்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. பற்றிக் சேரைக் காண வேண்டும் என்றாள். வகுப்பு முடிந்து வந்த சேரை விறாந்தையில் மறித்தோம்.

“சேர்,” என்றாள் சனூஸா, “புள்ள ராவில தூங்குறாள் இல்ல. அவளுக்காக நீங்க ரெண்டு நல்ல வார்த்தை எழுதினா அவங்க எடுப்பாங்களாம். எழுதுங்க சேர். உங்கள அல்லாஹ் நல்லா வைப்பான்.”

சேர் தடுமாறினார். கையில் இருந்த சோக்குக் கட்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று நான் இப்போதும் நினைக்கிறேன். “சரி, நீங்கள் தாய். நீங்கள் சொல்லுங்கோ, உங்கட பிள்ளை எப்பிடி? நீங்கள் சொல்லுறதை நான் அப்பிடியே எழுதுறன்” என்றார்.

சனூஸா வாயைத் திறந்தாள். “அவள்… ஏதோ படிப்பாள் சேர்.”

சேர் காத்திருந்தார்.

“சொல்லுக் கேப்பாள். வீட்டு வேலையும் செய்வாள்.” நிறுத்தினாள். முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மறுபடி முயன்றாள். “குழப்படி இல்ல.”

அதற்கு மேல் வரவில்லை. மகளின் தலையெழுத்தே இந்த நிமிடத்தில் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை மூன்று வயதில் தயிர்ச் சட்டிகளை எண்ணியதை, பத்தாம் வகுப்பிலேயே தன் மாமா மகனுக்கு உயர்தரக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்கே ஒரு தரம் சொல்லியிருக்கிறாள், அதுவும் குசுகுசுத்து, அக்கம்பக்கம் பார்த்து. இப்போது வெளிச்சத்தில் நின்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அவளால் ஏலவில்லை.

“என்ட வாயில வருகுதில்ல சேர்,” என்று அழுதாள். “உள்ளுக்குள்ள இரிக்கு. வருகுதில்ல.”

சனூஸாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டார். அவர் முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை, அடிபட்டவர் மாதிரி இருந்தார்.

மறுநாள் காலை பஸ்ஸால் இறங்கி நேரே என் மேசைக்கு வந்து எழுதியதைத் தந்தார். இரண்டு பக்கம். கணிதத்துக்கு ‘ஏ’. அதன் கீழே, நவம்பரில் நான் போட்ட ‘பி’ நான் நம்பியது அல்ல என்று தெளிவாக எழுதியிருந்தார். அதிபர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பற்றிக், இதை அனுப்பினா எங்கட பள்ளிக்கூடத்தின்ட சொல்லையே இனி நம்ப மாட்டாங்க. அடுத்த வருசப் புள்ளைகளையும் பாதிக்கும்.”

“அப்ப என்ர சொல்லை நம்ப வேண்டாம் எண்டு எழுதுறன் சேர். பள்ளிக்கூடத்தை இல்லை.”

அதிபர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு முத்திரையைக் கேட்டார். அன்றைக்கே நான் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. சேர் டிசம்பரில் சொன்னது சரியாக இருந்தால் என்ன செய்வது? ஒரே ஆசிரியர், ஒரே பிள்ளை, இரண்டு விதமான சொல். இதைப் பார்த்துவிட்டு மொத்தமாக ஒதுக்கிவிட்டார்கள் என்றால் அந்தக் கதவைப் பூட்டியது நாங்கள்தான்.

மார்ச்சில் நோன்பு தொடங்கியது, பள்ளிக்கூடம் நோன்பு விடுமுறைக்கு மூடியது. விடுமுறை தொடங்கிய கையோடு ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் பக்கத்து நாடுகளின் விண்ணப்பங்களைப் பார்க்கிற அதிகாரி எழுதியிருந்தா. கணித ஆசிரியரோடு நேராக, கணனியில் முகம் பார்த்துக் கதைக்க வேண்டுமாம். அவர்களுக்கு அது காலை நேரம், எங்களுக்கு நோன்பு திறந்து முடிகிற நேரம்.

அதிபரிடம் திறப்பை வாங்கிக் காரியாலயத்தைத் திறந்தேன். சேர் பின்னேர பஸ்ஸில் வந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட், கழுத்துப் பட்டி வேறு. சனூஸா கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தாள். சேருக்குத் தவக்காலம் என்று நினைவு வைத்து இறைச்சி போடாமல் காய்ச்சியிருந்தாள். பாங்கு சொன்னதும் நான் பேரீச்சம்பழத்தால் நோன்பைத் திறந்தேன். சேர் கஞ்சியைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார். இணையத்துக்கு என் போனைத்தான் கணனியோடு தொடுத்திருந்தேன், அது நடுவில் அறுந்துவிடக் கூடாதே என்று துஆ கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரையில் ஒரு பெண் வந்தா. நடுத்தர வயது, மரியாதையான பேச்சு. சுகம் விசாரித்தா, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொன்னா. பிறகு நேராகக் கேட்டா. என் ஆங்கிலம் பெரிதல்ல, ஆனாலும் அந்தக் கேள்வி விளங்கியது. நவம்பரில் பி எழுதினீர்கள். இப்போது ஏ எழுதுகிறீர்கள். பரீட்சைப் பெறுபேறு இன்னும் வரவில்லை. இடையில் என்ன மாறியது?

திரையில் அந்தப் பெண் காத்திருந்தா. நான் சேரின் கையைப் பார்த்தேன், மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. பேசுங்கள் சேர், பேசுங்கள் என்று எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது.

“பிள்ளையில் ஒன்றும் மாறவில்லை,” என்றார் கடைசியில். ஆங்கிலத்தில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. “பி என்பது அவளைப் பற்றியது அல்ல. என்னைப் பற்றியது.”

அந்தப் பெண் விளக்கச் சொன்னா. சேர் சொன்னார். நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் குறைத்துத்தான் சொல்லுவேன். பிள்ளை கூட எடுத்தால் நல்ல வாத்தியார் என்று எனக்குப் பேர். குறைய எடுத்தால் நான் முதலே சொன்னேன் என்று தப்பிவிடலாம். எங்கள் ஊரில் இதை அடக்கம் என்று நினைப்போம். பிள்ளையைக் கண்ணூறு படாமல் காப்பாற்றுகிறேன் என்று நானும் நினைத்தேன். நான் காப்பாற்றினது என்னைத்தான்.

இந்த மனிதர் தன் மனைவியிடமோ மகனிடமோ சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு சொல்கிறார்.

அந்தப் பெண் எதையோ குறித்துக்கொண்டா. பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றா. அதற்குப் பிறகு சேரை நிறுத்த முடியவில்லை. ஆங்கிலம் தடக்கியது, சில இடத்தில் தமிழ் கலந்தது, கடுதாசி எடுத்து ஒரு கணக்கை எழுதித் திரைக்கு முன்னால் பிடித்தும் காட்டினார். கடைசியில் அவ சிரித்துக்கொண்டே நன்றி சொன்னா. எங்கள் குழு எல்லாவற்றையும் கவனத்தில் எடுக்கும், ஆனால் இந்த வருடம் விண்ணப்பங்கள் மிக அதிகம் என்றா.

திரை அணைந்தது. சேரின் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

“எப்பிடி மிஸ்?” என்று கேட்டார்.

“நல்லாச் சொன்ன நீங்க சேர்” என்றேன். அப்போதுதான் கஞ்சிக் கோப்பையை எடுத்தார். ஆறிப் போயிருந்தது, குடித்து முடித்தார்.

பெருநாள் வந்தது. ஷிஃபானாவின் வீட்டில் யாரும் பெருநாள் கொண்டாடவில்லை என்றே சொல்ல வேண்டும். புது உடுப்பு போட்டார்கள், தொழுதார்கள், விருந்துக்கு வந்தவர்களுக்கு வட்டிலாப்பம் வைத்தார்கள். போன் ஒவ்வொரு முறை சத்தம் போடும்போதும் சனூஸா கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். முத்தலிப் காக்கா என்னைப் பள்ளிவாசல் சந்தியில் கண்டு, “நிஸா, எதுவெண்டாலும் பரவாயில்ல, ஒரு முடிவு வந்தாப் போதும்” என்றார். அவர் அப்படிச் சொன்னாலும் கண் வேறு மாதிரிச் சொன்னது.

முடிவு பெருநாள் முடிந்த வாரம் வந்தது. ஷிஃபானா போனில் அதை எனக்கு ஒரே மூச்சில் சொன்னாள். இல்லை. மிகச் சிறந்த விண்ணப்பம், ஆனாலும் இடம் தர முடியவில்லை. வேறு இடத்தில் நன்றாக வருவாய் என்று வாழ்த்தியிருந்தார்கள். பி-யால்தானா, சேர் கதைத்ததாலா, இல்லை வெறும் இடம் போதாமையாலா என்று அவர்கள் எழுதவில்லை. எழுதவும் மாட்டார்கள் என்று நுஸ்கி சொன்னான். நான் சேருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கொஞ்சத்தில் மரியமலர் போனை வாங்கி, அவர் வெளியில் போய்விட்டார் என்று சொன்னா.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று ஷிஃபானா வந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அழவில்லை. சேர் காரியாலயத்துக்கு வரும்வரை வாசலில் நின்றாள். உயர்தரப் பெறுபேறு இன்னும் வரவில்லை. ஊரில் எல்லாரும் இந்த வாரம், அடுத்த வாரம் என்று கதைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

சேர் அவளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“சேர், எனக்காக அவ்வளவு தூரம் கதைச்ச நீங்களாம். மிஸ் சொன்னா.”

“பிரயோசனம் இல்லையே பிள்ளை.”

“என்ன சொன்ன நீங்க சேர்? எனக்கு ஒருக்காச் சொல்லுவீங்களா?”

சேர் என்னைப் பார்த்தார். நான் உதவப் போவதில்லை என்று தெரிந்ததும் அவள் பக்கம் திரும்பினார். முதலில் நவம்பரில் தான் பி போட்டதைச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. ஏன் போட்டார் என்பதையும் சொன்னார். அவள் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“பிறகு உன்னைப் பற்றிச் சொன்னனான்,” என்றார். “நான் படிப்பிச்ச பிள்ளையள்ள உன்னைப் போல ஒருத்தரும் இருந்ததில்லை எண்டு சொன்னனான். கரும்பலகையில நான் விட்ட பிழையை நீ கண்டுபிடிச்சும், மற்றப் பிள்ளையளுக்கு முன்னால சொல்லாம வகுப்பு முடியுமட்டும் காத்திருந்து வந்து சொன்னாய். அதைச் சொன்னனான். நான் ஒரு பக்கம் செய்யிற கணக்கை நீ நாலு வரியில முடிக்கிறதைக் காட்டினனான். எனக்கு அப்பிடிப் பாக்கத் தெரியாது, அவளுக்குத் தெரியும் எண்டு சொன்னனான்.”

ஷிஃபானாவின் கண் நிறைந்தது. எனக்கும்தான். இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

“இதெல்லாம் எனக்குத் தெரியாது சேர்,” என்றாள்.

“ஓம் பிள்ளை. அவையளுக்கு நவம்பரிலேயே சொல்லியிருக்க வேணும்.”

“அவங்களுக்கு இல்ல சேர். எனக்கு.” என்றாள். “ரெண்டு வருசமா உங்கட வகுப்பில இருந்த நான். நீங்க போட்ட மாக்ஸப் பாத்து நான் அவ்வளவுதான் எண்டு நெனச்சித்தான் போய்ச் சோதினை எழுதின நான்.”